விறகைப் பார்த்து மரம் அறிதல்: கொல்லிமலையும் நம் பக்கத்துக் காடுகளும்



போன வாரம் கருங்காலி மாலை பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் பாதி, "சார், கட்டையைப் பார்த்தே இன்ன மரம் என்று எப்படிச் சொல்வது?" என்பதுதான். இலை, பூ, காய் இருந்தால் யாரும் சொல்லிவிடலாம். பட்டை உரிந்து, துண்டாகி, வெயிலில் காய்ந்து கிடக்கும் விறகை வைத்துச் சொல்வது வேறு கல்வி. கொல்லிமலையில் வேலை பார்த்த ஒன்பது ஆண்டுகளில் அந்தக் கல்வி உள்ளவர்கள் சிலரோடு பழகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அவர்களிடம் கேட்டதையும், வரலாற்று வாத்தியார் என்ற பழக்கத்தில் பிறகு படித்துச் சேர்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். கருங்காலிக்காக வந்தவர்கள் பொறுமையாக இருங்கள், கடைசியில் வருகிறது.

முதலில் நம் மொழியில் இருந்தே தொடங்கலாம். தமிழாசிரியர்கள் மரபியல் பாடம் நடத்தியபோது தூங்காதவர்களுக்கு இது நினைவிருக்கும். தொல்காப்பியம் செடிகொடிகளைப் பிரிக்கும்போது எந்தப் பக்கம் வைரம் என்று பார்க்கிறது. வெளியே கெட்டியாக, உள்ளே சோறாக இருப்பது புல். உள்ளே கெட்டியாக இருப்பது மரம். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லில் சேரும். புறக்காழ், அகக்காழ் என்று அதற்குப் பெயர். இன்றைய தாவரவியலும் பனையை, தென்னையை, மூங்கிலைப் புல்லோடு ஒருவித்திலைப் பிரிவில்தான் வைக்கிறது. இப்படி ஒரு பாகுபாடு ஏட்டைப் பார்த்து வந்திருக்காது என்பது என் எண்ணம். பனையையும் வேலமரத்தையும் கோடாலியால் பிளந்து பார்த்தவனுக்குத்தான் அந்த வித்தியாசம் கையில் தெரியும்.

காழ் என்ற சொல் இப்போது வழக்கில் இல்லை. வைரம் என்கிறோம், சில ஊர்களில் சேகு என்கிறார்கள். வைரத்தைச் சுற்றி இருக்கும் வெளுத்த பகுதி வெளிறு. மரம் உயிரோடு இருக்கும்போது தண்ணீர் ஏறுவது வெளிறு வழியாக. உள்ளே வயதான பகுதியில் தண்ணீர் ஓட்டம் நின்று, பிசினும் துவர்ப்பும் நிறமும் ஏறி இறுகிவிடுகிறது. அதனால்தான் கறையானும் வண்டும் வெளிறைத் தின்றுவிட்டு வைரத்தில் பல் வைக்காமல் விட்டுவிடும். காட்டில் பல வருடம் கிடந்த கட்டையில் மண்ணாகிப் போன வெளிறைத் தட்டிவிட்டால் உள்ளே இரும்புத் தடி மாதிரி வைரம் மட்டும் இருக்கும். விறகில் மரம் அறிவதென்றால் முக்கால்வாசி இந்த இரண்டையும் பார்ப்பதுதான்: வெளிறு எவ்வளவு, வைரம் எவ்வளவு, என்ன நிறம், இரண்டுக்கும் நடுவில் கோடு கூர்மையாக இருக்கிறதா, கலங்கி இருக்கிறதா.

செம்மேட்டுக்குப் பக்கத்தில் எனக்கு விறகு பிளந்து கொடுத்த பெரியவர் ஒருவர் இருந்தார். மலையாளி இனத்தவர். (புதிதாகப் படிப்பவர்களுக்காக: இங்கே மலையாளி என்றால் மலையை ஆள்பவர், மலைவாழ் மக்கள். கேரளத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று அவர்களே வாய்வழியாகச் சொல்லும் வரலாறு உண்டு.) அவர் கட்டையைக் கையில் எடுத்ததும் முதலில் கனம் பார்ப்பார். பிறகு வெட்டுமுகத்தில் எச்சில் தொட்டுத் தேய்ப்பார். ஈரம் பட்டால் நிறமும் துளைகளும் பளிச்சென்று தெரியும் என்பது காரணம். அதன் பிறகுதான் முகர்வார். கடைசியில்தான் கோடாலி. முதல் வெட்டு விழுந்ததும் வரும் சத்தத்தை வைத்து, இது காய்ந்ததா, உள்ளே ஈரமா என்று சொல்லிவிடுவார். பின்னாளில் மர ஆய்வு பற்றிய நூல்களில் இதே வரிசையைப் பார்த்தேன். அங்கே எச்சிலுக்குப் பதில் தண்ணீர், கண்ணுக்குப் பதில் பத்து மடங்கு லென்ஸ். அவ்வளவுதான் வேறுபாடு.

நம் பக்கத்து விறகுகளுக்கு வருகிறேன். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போவதற்குள் காடு இரண்டு மூன்று முறை மாறிவிடும். அதனால் விறகும் மாறும்.

கீழே முள்காடு. கருவேலம் எல்லாருக்கும் தெரிந்தது. கறுத்த, ஆழமாக வெடித்த பட்டை, உள்ளே இளஞ்சிவப்பில் தொடங்கி நாள்பட நாள்பட பழுப்பேறும் வைரம். வண்டிச் சக்கரமும் கலப்பையும் செக்கும் இதில்தான் செய்தார்கள். வெள்வேலம் பட்டையிலேயே வேறுபடும், வெளுத்து மஞ்சளோடி இருக்கும். வைரம் செங்கல் சிவப்பு. அந்தக் காலத்தில் சாராயம் காய்ச்ச இதன் பட்டையைப் போட்டதால் பட்டைச் சாராயம் என்றே பெயர் வந்தது. (இந்த வரிக்கு மட்டும் நிறைய கமெண்ட் வரும் என்று தெரியும்.)

உசில் நம் பக்கத்தின் சொந்த மரம். அரப்பு என்று தலைக்குத் தேய்த்தீர்களே, அதன் இலைப்பொடிதான். பிளந்தால் அகலமான வெள்ளை வெளிறு, நடுவில் ஊதா கலந்த பழுப்பு வைரம். நன்றாக நின்று எரியும். கருவேலம், உசில், வாகை போன்ற பயறுக் குடும்பத்து மரங்களுக்கு ஒரு பொது அடையாளம் சொல்கிறேன். வெட்டுமுகத்தைக் கூரான கத்தியால் ஒரு சீவு சீவி, ஈரம் தொட்டுப் பாருங்கள். ஊசி முனை அளவுத் துளைகள் தெரியும். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் வெளிறிய ஒரு வளையம் இருந்தால் பயறுக் குடும்பமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

புளிய விறகைப் பிளந்தவர்களுக்கு என் அனுதாபம். இழை நேராக ஓடாது, முறுக்கிக்கொண்டு குறுக்கே பின்னியிருக்கும். கோடாலி போய்ச் சிக்கிக்கொள்ளும், ஆப்பு வைத்துத்தான் எடுக்க வேண்டும். கறிக்கடையில் கறி வெட்டும் கட்டை ஏன் புளியங்கட்டை என்று யோசித்ததுண்டா? நாள் முழுக்கக் கத்தி விழுந்தாலும் பிளக்காது என்பதால்தான். வெளிறு மஞ்சள் வெள்ளையாக அகலமாக இருக்கும். வைரம் நடுவில் சிறிதாக, கறுத்த ஊதாவில், ஒழுங்கில்லாத வடிவில் இருக்கும். புளியங்கரி வெடிமருந்துக்கு நல்லது என்று அந்நாளில் பெயர் பெற்றிருந்தது.

ஆச்சா மரத்தை இளையவர்கள் பலர் பார்த்தே இருக்க மாட்டீர்கள். வறண்ட சேலம், தருமபுரிக் காடுகளின் மரம். இரண்டு இரண்டு இலையாக, பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி இருக்கும். வெளிறு மெல்லிய வளையம், மீதி எல்லாம் கருஞ்சிவப்பு வைரம். இந்திய மரங்களிலேயே மிகக் கனமானவற்றில் ஒன்று. காய்ந்த துண்டைத் தண்ணீரில் போட்டாலும் மூழ்கிவிடும். கோடாலி வாய் மழுங்குவதை வைத்தே இதைக் கண்டுபிடிக்கலாம்.

மலைச்சரிவில் ஏறினால் வெக்காலி, சில இடங்களில் வெள்ளை நாகை என்பார்கள். சாம்பல் வெள்ளையில் வழவழப்பான பட்டை. கோடாலிக் காம்பும் வண்டி அச்சும் இதில்தான், அவ்வளவு இறுக்கம். பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் அடித்த அடி கைக்கே திரும்பி வரும். கருமருதைப் பட்டையில் கண்டுகொள்ளலாம், முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். உள்ளே கறுப்புக் கோடு ஓடிய பழுப்பு.

வேங்கைக்குப் பட்டையில் காயம் பட்டால் ரத்தம் மாதிரி சிவந்த பால் வடியும். மலையில் குழந்தைகளுக்கு அதைக் காய்ச்சிப் பொட்டு வைப்பார்கள். காய்ந்த விறகில் பால் வடியாது, ஆனால் ஒரு சோதனை இருக்கிறது. பொன் பழுப்பு நிற வைரத்திலிருந்து கொஞ்சம் செதுக்கிக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டு வெயிலில் வையுங்கள். தண்ணீர் தேன் நிறமாகும். பக்கவாட்டில் பார்த்தால் நீலம் மினுங்கும். சர்க்கரை நோய்க்கு என்று விற்கிறார்களே வேங்கைக் குவளை, அதில் நடப்பதும் இதே நிறம் இறங்கல்தான். குவளையை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது வேறு விஷயம்.

மலை உச்சிக்குப் போனால் இன்று விறகு அடுக்கில் பெரும்பாலும் சில்வர் ஓக். மிளகுக் கொடி ஏற்றவும் காப்பிக்கு நிழலுக்கும் நட்டது. பெயரில்தான் ஓக், பிறந்த ஊர் ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதி. ஓக் குடும்பத்துக்கும் அதற்கும் உறவில்லை. பிளந்த முகத்தில் வெள்ளிச் சரிகை மாதிரித் திட்டுத் திட்டாக மின்னும். கோடாலி பட்டதும் நேராகப் பிளக்கும், சீக்கிரம் எரிந்து சாம்பலாகும். கூடவே பலாவும் இருக்கும். மஞ்சள் வைரத்தைப் பார்த்தாலே பலா என்று சொல்லிவிடலாம்.

இங்கே கொஞ்சம் கணக்கு. நன்றாகக் காய்ந்த எந்த மரமானாலும் ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் வெப்பம் கிட்டத்தட்ட ஒன்றுதான், சுமார் 4,500 முதல் 5,000 கிலோ கலோரி. வேலமும் சில்வர் ஓக்கும் எடைக்கு எடை பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் பருமனில். ஒரு கட்டு வேலவிறகில் எடை அதிகம், அதனால் வெப்பமும் அதிகம், தணலும் நிற்கும். எடை போட்டு வாங்கும் விறகுக் கடையில் உங்களை ஏமாற்றுவது மரத்தின் இனமல்ல, அதில் உள்ள ஈரம். தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கி, அதை ஆவியாக்க இன்னும் விறகு எரிக்கிறோம். தலையில் சுமப்பவருக்கு இந்தக் கணக்கு மாறும். இருபது கிலோ சுமந்தால் இருபது கிலோதான் வெப்பம், எந்த மரமானாலும். ஆனால் அடுப்பு முன்னால் உட்கார்ந்து ஊதிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை என்பதால் பெண்கள் உசிலையும் வேலத்தையும் தேடிப் போனார்கள்.

இப்போது வரலாறு. வைரம் பாய்ந்த இத்தனை மரங்கள் இருந்த பக்கத்தில் இன்று ஏன் சில்வர் ஓக்கும் சீமைக்கருவேலமும் எரிகிறது?

சேலம் பக்கம் இரும்புக்குப் பெயர் போனது. கஞ்சமலை இரும்புக்கல்லை மண் உலையில் உருக்கினார்கள். எரிபொருள் மரக்கரி மட்டும்தான். ஒரு பங்கு கரி கிடைக்க நாலைந்து பங்கு விறகு வேண்டும். எஃகு செய்யும்போது இரும்புத் துண்டோடு ஆவாரங்கட்டையையும் எருக்கிலையையும் சிறு மண் மூசையில் வைத்து மூடிச் சூடேற்றினார்கள் என்று ஜோசையா மார்ஷல் ஹீத் எழுதி வைத்திருக்கிறார். அந்த ஹீத் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1830இல் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையில் இரும்பு ஆலை தொடங்கினார். கல் சேலத்திலிருந்து, எரிக்கக் கரி நம் காடுகளிலிருந்து. கிராமத்துக் கொல்லன் உலை ஒரு நாளைக்கு எரித்ததும் இந்த ஆலை எரித்ததும் ஒன்றல்ல. சுற்றுப்புறத்துக் காடு குறையக் குறையக் கரி தூரத்திலிருந்து வர வேண்டியதாயிற்று, செலவு ஏறியது. 1853இல் ஈஸ்ட் இந்தியா அயர்ன் கம்பெனி என்று பெயர் மாறி, பேப்பூர் வரை கிளை பரப்பி, 1870களுக்குள் எல்லாமே முடிந்துபோனது. ஹீத்தும் கடனாளியாகவே செத்தார். ஷெஃபீல்டு எஃகு ஆலைகளுக்கு மாங்கனீசு சேர்க்கும் முறையை 1839இல் காப்புரிமை எடுத்துக் கொடுத்தவர், அதில் மற்றவர்கள்தான் சம்பாதித்தார்கள். அவர் மேல் எனக்குப் பரிதாபம் உண்டு. அவர் எரித்த காட்டின் மேல் அதைவிட அதிகம்.

ஆலை தள்ளாடிக்கொண்டிருந்தபோதே ரயில் வந்தது. 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை. 1861இல் சேலத்தைத் தொட்டது, அடுத்த ஆண்டு பேப்பூர். ஒரு மைல் தண்டவாளத்துக்கு 1,760 முதல் 2,000 ஸ்லீப்பர் கட்டை. சென்னை மாகாணத்தில் மட்டும் ஆண்டுக்கு 35,000 மரம் இதற்காக விழுந்தது. மத்தியப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்புப் படித்த என் பேரப்பிள்ளைகளுக்கு இந்த எண் மனப்பாடம். அந்தப் பாடத்தில் பலரும் கவனிக்காத ஒன்று, தண்டவாளத்தின் அடியில் கிடந்தது போலவே என்ஜினுக்குள் எரிந்ததும் மரம்தான். சிங்கரேணி நிலக்கரி 1880களின் கடைசியில் வரத் தொடங்கும்வரை இங்கே பெரும்பாலும் விறகு என்ஜின்கள். ஸ்லீப்பருக்கு நேரான, பெரிய, வைரம் பாய்ந்த மரம் வேண்டும். விறகுக்கு எதுவும் ஆகும். இரண்டும் சேர்ந்தால் காட்டில் மீதி என்ன இருக்கும்?

1856இலேயே சென்னை மாகாணத்துக்குக் காட்டுப் பாதுகாவலராக ஹ்யூ கிளெக்ஹார்ன் நியமிக்கப்பட்டார். அவர் ஒரு மருத்துவர், தாவரவியல் பேராசிரியர். 1861இல் தென்னிந்தியக் காடுகளைப் பற்றிப் புத்தகம் போட்டார். காடு அழிகிறது என்று எச்சரித்தவரும் அவரே, ரயிலுக்கு மரம் ஏற்பாடு செய்ய வேண்டியவரும் அவரே. இந்த இரட்டை வேடம் அவரோடு முடியவில்லை. ரயில் விறகுக்காகக் கடற்கரையோரம் சவுக்குத் தோப்புகள் 1860களில் பரவின. சவுக்கு பச்சையாகவே எரியும், பிளக்காமலே அடுக்கலாம். நாமெல்லாம் சவுக்கை நம் மரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

நம் நாமக்கல்லுக்கு ரயில் வந்தது 2013இல். சேலத்துக்கு வந்து நூற்றைம்பது ஆண்டு கழித்து. அதற்காகக் காட்டில் மரம் வெட்ட வேண்டியிருக்கவில்லை, சிமெண்ட் ஸ்லீப்பர் வந்துவிட்டது.

1876 முதல் 78 வரை தாது வருஷப் பஞ்சம். சேலம் மாவட்டம் மிக மோசமாக அடிபட்ட பகுதிகளில் ஒன்று. செம்புளிச்சான் என்று ஒரு சிறு மரம், வறண்ட காட்டில் வளர்வது, வைரம் கரும்பழுப்பாகப் பிசுபிசுத்து வாசம் வீசும். அந்தப் பஞ்சத்தில் ஜனங்கள் அதன் இலையைப் பறித்துத் தின்று உயிர் பிடித்ததாகப் பதிவு இருக்கிறது. விறகு வெட்டப் போனவர்களுக்கு அந்த மரம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். பசி வந்தபோது காட்டில் எதைத் தின்றால் சாக மாட்டோம் என்று அடையாளம் காண்பவர்கள் ஊருக்கு எத்தனை பேர் இருந்தார்கள் என்பது உயிர்ப் பிரச்சினை ஆயிற்று. எட்டி மரத்தையும் செம்புளிச்சானையும் பிரிக்கத் தெரியாதவன் அந்த ஆண்டு என்ன செய்திருப்பான்? வகுப்பில் இந்தப் பஞ்சத்தை நடத்தும்போதெல்லாம் இதைச் சொல்ல நேரம் கிடைத்ததில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

பஞ்சம் ஓய்ந்த சில ஆண்டுகளில், 1882இல், சென்னை வனச் சட்டம். காடுகள் கோடு போட்டு ஒதுக்கப்பட்டன. அதுவரை அடுப்புக்கு விறகு எடுப்பது வேலை, அதன்பின் அனுமதிச் சீட்டு இல்லாமல் எடுத்தால் குற்றம். ரயிலுக்கு வண்டி வண்டியாகப் போனது வருவாய், தலைச்சுமையாகப் போனது திருட்டு. சட்டம் வராமல் இருந்திருந்தால் மீதிக் காடும் போயிருக்கும் என்று வாதிடுபவர்களை நான் முழுக்க மறுக்க மாட்டேன். ஆனால் சுமை யார் தலையில் ஏறியது என்று பார்க்க வேண்டும். மலையிலிருந்து சேந்தமங்கலம் பக்கம் தலைச்சுமையோடு இறங்கிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். தெரிந்த நல்ல மரத்தை விட்டுவிட்டு, கண்ணில் பட்ட சுள்ளியைப் பொறுக்கிக்கொண்டு அவசரமாக இறங்குவார்கள். பயந்துகொண்டு பொறுக்குபவருக்கு மரம் தேர்ந்தெடுக்க ஏது நேரம்?

சந்தனம் தனிக் கதை. 1792இல் திப்பு சுல்தான் அதை அரசுக்குரிய மரமாக்கினார். அதே ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சேலம் பகுதி கம்பெனி கைக்குப் போனது, மரத்தின் மேல் இருந்த உரிமையும் கைமாறியது. நம் மாநிலத்தில் 2002ஆம் ஆண்டுத் திருத்தம் வரை பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தனமும் நில உடைமையாளருக்குச் சொந்தமில்லை. விளைவு, வரப்பில் சந்தனக் கன்று முளைத்தால் பெரிதாகும் முன்பே பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு, வம்பு எதற்கு என்று. வைரத்துக்குத்தான் வாசம், வெளிறுக்கு வாசமில்லை. அதனால் இளஞ்செடியை வெட்டி அடுப்பில் வைத்தால் அடுத்த வீட்டுக்குக்கூடத் தெரியாது. மேலே சொன்ன செம்புளிச்சானின் வாசக் கட்டையைச் சந்தனம் என்று சொல்லி விற்பது பழைய வியாபாரம். கருத்துப் பிசுபிசுத்தால் சந்தனம் இல்லை. சந்தன வைரம் மஞ்சள் பழுப்பு, எண்ணெய்ப் பதத்தோடு மென்மையாகச் சீவ வரும்.

சீமைக்கருவேலத்தைக் காமராசர் கொண்டுவந்தார் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருடத்துக்கு ஒருமுறையாவது யாராவது அனுப்புகிறீர்கள். கர்னல் பெட்டோம் என்ற வன அதிகாரி 1876இல் விதை கேட்டு எழுதினார், 1877இல் ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. காமராசர் பிறந்தது 1903. நோக்கம் விறகுதான். ரயிலும் ஆலையும் தின்ற காட்டுக்கு ஈடாக, எங்கும் வளரும் ஒரு விறகு மரம். அந்த வேலையை அது செய்தது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் இன்றும் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறார்கள். நிலத்தடி நீர், மேய்ச்சல் நிலம் பற்றிய சண்டை தனி.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது பஸ்களும் கரியில் ஓடின. பின்னால் உலை மாதிரி ஒரு தொட்டியைக் கட்டி, கரியை எரித்து வரும் வாயுவில் வண்டி ஓடும். மதுரை டி.வி.எஸ். நிறுவனம் அந்தக் கரிவாயுக் கருவியைச் செய்து விற்றது. ஏற்றத்தில் ஏறாது, இறங்கித் தள்ள வேண்டும் என்று என் அப்பா சொல்வார். அந்தக் கரிக்கும் மரம் வேண்டும்.

மலைமேல் நடந்த மாற்றத்துக்குக் காரணம் வேறு. சாமையும் தினையும் விளைந்த கொல்லையில் மரவள்ளி ஏறியது, சேலம் சேகோ ஆலைகளுக்காக. கூடவே மிளகு, காப்பி, அதற்கு நிழலாகச் சில்வர் ஓக். பணம் கையில் வந்தது, அதைக் குறை சொல்ல நான் யார்? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து சிறுதானியத்துக்காக அங்கே வேலை செய்கிறது. மரத்துக்காக அப்படி ஒன்று பெரிதாக நடக்கவில்லை. பழைய மரங்கள் மிச்சமிருப்பது கோயில் காடுகளில். சாமி காட்டில் காய்ந்து விழுந்த சுள்ளியைக்கூட எடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு உள்ள இடங்கள் மலையில் இருக்கின்றன. வனச் சட்டம் செய்ய முடியாததை அந்தப் பயம் செய்திருக்கிறது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி ராபினாட் மூலிகைக் கூடத்தை உருவாக்கிய பாதிரியார் கே.எம். மேத்யூ இந்த மலைகளில் அலைந்து செடி சேகரித்தவர். தமிழகக் கர்நாடகப் பகுதித் தாவரங்கள் பற்றிய அவருடைய பெரிய நூல் 1980களின் தொடக்கத்தில் வந்தது. தாவரவியல் படிக்கும் பிள்ளைகள் அந்தக் கூடத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.

விறகு அடுப்பு இருந்த காலம் பொற்காலம் என்று இந்தப் பதிவைப் படித்துவிட்டு யாரும் எழுதாதீர்கள். என் அம்மாவின் கண்ணும் நெஞ்சும் அந்தப் புகையில்தான் போயின. வீட்டுப் புகையால் 2020இல் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எரிவாயு வந்தது நல்லது, இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும். நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. அடுப்போடு சேர்ந்து மரத்தை அடையாளம் காணும் கண்ணும் போய்க்கொண்டிருக்கிறது. அதனால் காசும் போகிறது.

நம் உறவில் ஒரு பழைய வீட்டை நாலு வருடம் முன்பு இடித்தார்கள். விட்டமும் தூணும் புகை பிடித்துக் கறுத்துக் கிடந்தன. விறகுக்காரர் எடைக்கு விலை பேசி முன்பணமும் கொடுத்துவிட்டார். நான் போனபோது ஒரு விட்டத்தின் முனையில் சீவிப் பார்த்தேன். பொன் பழுப்பு. தண்ணீரில் போட்டோம், தேன் நிறம் இறங்கி நீலம் மினுங்கியது. ஏழு விட்டத்தில் ஐந்து வேங்கை. மச்சான் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதே விட்டங்கள் இப்போது அவர் புது வீட்டு நிலையும் கதவுமாக இருக்கின்றன. அந்த அளவு வேங்கை இன்று வாங்க அவரால் முடியாது. மீதி இரண்டு வேம்பு. அதுவும் தூக்கி எறிவதற்கில்லை. வேம்பு மகாகனிக் குடும்பம்தான், சிவந்த வைரத்தைப் பார்த்தாலே அந்த உறவு தெரியும். நாமக்கல், ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கம் பழைய வீடு இடிக்கிறவர்கள் எடைக்குப் போடும் முன் ஒரு முனையைச் சீவி ஈரம் தொட்டுப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் வெட்டுமுகத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். பகல் வெளிச்சத்தில் எடுங்கள், ஃப்ளாஷ் வேண்டாம்.

கருங்காலிக்கு வருகிறேன். இந்தப் பெயரில் இரண்டு மரம் இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். சித்த மருத்துவத்தில் கருங்காலி என்று பெரும்பாலும் குறிப்பது ஒரு வேல இனத்தை. அதன் வைரத்தைக் காய்ச்சித்தான் வெற்றிலைக்குப் போடும் காசுக்கட்டி எடுக்கிறார்கள். அந்த வைரம் கருஞ்சிவப்பு. மரவேலை செய்பவர்கள் கருங்காலி என்பது வேறு, தும்பிலி இனத்தைச் சேர்ந்த அசல் கறுப்பு மரம். அதிலும் வெளிறு வெளுப்புத்தான், வைரம் மட்டும்தான் கறுப்பு, காய்ந்தாலும் தண்ணீரில் மூழ்கும். மெதுவாக வளரும், எங்கும் தோப்பாகக் கிடையாது. ஊர் ஊராகச் சந்தையில் கூடை கூடையாக மாலை விற்கும் அளவுக்கு அந்த மரம் எங்கிருந்து வருகிறது என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். மணியை வெந்நீரில் போட்டு, கறுப்புச் சாயம் இறங்கினால் அது சாயம் போட்ட ஏதோ ஒரு மரம். மிதந்தால் வைரமே இல்லை. போட்டுக்கொள்வது உங்கள் விருப்பம், விலை கொடுக்கும் முன் ஒரு டம்ளர் தண்ணீர் கேளுங்கள்.

கடைசியாக ஓர் உதவி. உசில், அரப்பு, துரிஞ்சில் மூன்றும் ஒரே மரத்தின் பெயர்கள். வெக்காலியும் வெள்ளை நாகையும் அப்படித்தான். ஊருக்கு ஊர் மாறும் இந்தப் பெயர்களை ஒரு நோட்டில் சேர்த்து வருகிறேன். உங்கள் ஊரில் மேலே சொன்ன மரங்களுக்கு வேறு பெயர் இருந்தால் ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். அம்மாயி, அப்புச்சி யாராவது விறகு பிளந்தவர்கள் இருந்தால் அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். பொரசுக்கு மட்டும் எனக்கு இதுவரை நாலு பெயர் வந்திருக்கிறது.